ஐந்தாவது சத்தம்

அன்றைக்குத் தோப்பில் இருந்தவர்கள் இவ்வளவுதான்: முதலாளி, கார் ஓட்டும் பாய், நான், வெள்ளை நாய். நாயைச் சேர்க்காவிட்டால் மூன்று பேர். யாராவது விசாரித்தால் உளறாமல் சொல்ல வேண்டுமே என்று எத்தனையோ தடவை மனசுக்குள் ஒப்பித்துப் பார்த்த கணக்கு இது. கடைசி வரை யாரும் விசாரிக்கவில்லை.

முதலாளி சுடும் இடத்தில் நின்றார். பாய் வேலிக்கு வெளியே கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நாய் முதலாளிக்குப் பின்னால் மாமரத்தடியில் படுத்திருந்தது. அதற்குப் பிறவியிலேயே காது கேட்காது. எங்கள் பக்கத்து வெள்ளை நாய்களில் அப்படிச் சில குட்டிகள் பிறப்பதுண்டு. நான் குழிக்குள் இருந்தேன்.

குழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் முதலாளியின் மாந்தோப்பு. அதன் கடைசியில், என்றோ கிணறு வெட்டிப் போட்ட மண் பெரிய மேடாகக் கிடக்கிறது. அந்த மேட்டின் முன்னால் இரண்டு கம்பு நட்டு, அட்டையைக் கட்டி, அட்டையில் கரியால் வட்டம் போட்டு வைப்பது என் வேலை. வட்டத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு ஒன்றை அளவாக வைத்துக்கொள்வேன். அட்டைக்குப் பக்கவாட்டில், குண்டு வரும் திசையிலிருந்து நன்றாக விலகி, ஓர் ஆள் உட்கார்ந்தால் தலை மறையும் ஆழத்தில் குழி. ஐந்து வெடி கேட்கும் வரை அதற்குள் இருப்பேன். பிறகு முதலாளி விசில் ஊதுவார். எழுந்து போய் ஓட்டைகளைப் பார்த்து, எது வட்டத்துக்குள், எது வெளியே என்று உரக்கச் சொல்வேன். அவர் அட்டையை வந்து பார்த்ததே கிடையாது. நான் சொல்வதுதான் கணக்கு.

அவர் வைத்திருந்தது ஒரு ரிவால்வர். நூற்றைம்பது வருசத்துக்கு முந்தைய மாதிரியைப் பார்த்து இந்தக் காலத்தில் செய்த நகல். வாலிபத்தில் போட்டிகளில் சுட்டவராம். லைசென்ஸ் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பார். அந்த ரிவால்வருக்குத் தோட்டா கிடையாது. உருளையில் ஆறு அறை. ஒவ்வோர் அறையிலும் கருமருந்தைப் போட்டு, ஈயக் குண்டை வைத்து அழுத்தி, மேலே கொழுப்பைத் தடவி, பின்பக்கம் பொட்டுவெடி பருமனில் ஒரு செப்புத் தொப்பியை மாட்ட வேண்டும்; குதிரை என்கிற சுத்தி அதில் அடித்தால்தான் மருந்து வெடிக்கும். ஆறில் ஐந்தைத்தான் நிரப்புவார். குதிரைக்கு நேரே இருக்கும் அறையைக் காலியாக விட்டுவிடுவார். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவே புகை கலைய வேண்டும். அவரும் அவசரப்படுகிற ஆள் இல்லை. குழிக்குள் எனக்கு முதலில் சத்தம் வரும், பிறகு தீபாவளி வாசனை வரும், பிறகு மறுபடி மாமரத்துக் குயில்.

சுட்டு முடித்ததும் நான் வெந்நீர் போட்டு ரிவால்வரைக் கழுவுவேன். கருமருந்து சுட்டதைக் கழுவாமல் வைத்தால் ஒரு ராத்திரியிலேயே துரு ஏறிவிடும். துடைக்கிறதற்கு பேண்டேஜ் துணி. அதற்கு எங்கள் ஊரில் பஞ்சமா என்ன? நான் அந்தத் துணி நெய்கிற தறியில்தான் முப்பது வருசம் நின்றேன்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வறுமை என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்வேன். உண்மையில் பரீட்சை என்றாலே எனக்குப் பயம். எழுதி முடித்து வந்த பிறகும், பெயரை எழுதினோமா, பக்கத்தைத் திருப்பினோமா என்று முழு லீவும் போய்விடும். தறிக்கு வந்த பிறகு அந்தக் கவலை போய் வேறு கவலை வந்தது. விளக்கை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா. தறி மூடியதும் முதலாளி என்னைத் தோப்புக் காவலுக்கு வைத்துக்கொண்டார். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என் வீட்டுக்காரி மகளோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். போனில் சாப்பிட்டாச்சா என்று கேட்பாள். ஆச்சு என்பேன். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. தறிச் சத்தத்தில் இடது காது பாதி போய்விட்டதால், பேசினாலும் பாதிதான் விளங்கும்.

ஆக, வாரத்தில் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், என்னை அழைக்க ஒருவர் விசில் ஊதினார். அவருக்கும் என்னைத் தவிர அந்த வேலைக்கு ஆள் இல்லை. கூட்டாளிகள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மில்லை விற்றாகிவிட்டது, மகன் கோயம்புத்தூரில். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக இருந்தார். சுட்டு முடித்துப் பிளாஸ்க்கில் கொண்டு வந்த காப்பியை ஆளுக்கொரு டம்ளர் குடிப்போம். பெரிய பேச்சொன்றும் இருக்காது. காற்று மலையிலிருந்து இறங்குகிறது என்பார். ஆமாம் என்பேன்.

அவருக்கு ஞாபகம் நழுவ ஆரம்பித்திருந்தது எனக்குத் தெரியும். குத்தகைக்காரன் வந்தானா என்று கேட்டு, காப்பி குடித்து முடிப்பதற்குள் மறுபடி அதையே கேட்பார். ஒரு ஞாயிறு கொழுப்பு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அது எதற்கு என்று யோசிக்கிற மாதிரி நின்றார். நான் பார்க்காத மாதிரி அட்டையைக் கட்டப் போய்விட்டேன். பாயும் கவனித்திருப்பார். நாங்கள் இருவரும் அதைப் பேசிக்கொண்டதில்லை.

அன்றைக்கு நடந்தது இதுதான். குழிக்குள் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதற்கப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. எங்கோ போன் அடித்த மாதிரி இருந்தது. பிறகு ஒரு சத்தம். செத்த நேரத்தில் விசில். எழுந்து போய்ப் பார்த்தேன். வட்டத்துக்குள் மூன்று, ஓரத்தில் ஒன்று. நான்கு ஓட்டைதான். உரக்கச் சொன்னேன். அவர் போனைக் காதில் வைத்தபடி கையைக் காட்டினார்.

கிட்டே போனதும் விசயத்தைச் சொன்னார். தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள், லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷனில் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்கிறார்கள், நாளைக்கே கொடுத்துவிடலாம் என்றார். ஒவ்வொரு தேர்தலுக்கும் இது நடக்கிறதுதான். ஓட்டு எண்ணி முடிந்த பிறகு திருப்பித் தருவார்கள். அதுவரைக்கும் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. கழுவிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், வீட்டில் கழுவிக்கொள்கிறேன் என்று சொல்லி, துணியால் மேலோட்டமாகத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார். காப்பிகூடக் குடிக்கவில்லை.

கார் போன பிறகு அட்டையை அவிழ்க்கும்போது பக்கத்து ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு வெடிச்சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. யாருக்கோ கட்சியில் பொறுப்பு கிடைத்ததென்று வேட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் வெடிக்குக் குறைவே கிடையாது. கல்யாணத்துக்கும் வெடி, சாவுக்கும் வெடி. அதனால் முதலில் ஒன்றும் தோன்றவில்லை. அட்டையைச் சுருட்டி ஷெட்டில் வைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் காலில் ஏதோ தடுக்கின மாதிரி நின்றுவிட்டேன். நான் கேட்ட ஐந்தாவது சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?

நல்ல காது ஒன்றுதான் இருக்கிறது எனக்கு. ஒரு காதுக்குத் திசை தெரியாது.

அன்றிலிருந்து என் மனசு ஒரு நிலையில் இல்லை. நான்கு சுட்டபோது போன் வந்திருக்கிறது. பேசிவிட்டு, எல்லாம் சுட்டாயிற்று என்று நினைத்து விசில் ஊதியிருந்தால்? அப்படியானால் ஓர் அறையில் மருந்தும் குண்டும் தொப்பியும் அப்படியே இருக்கிறது. ஒருதரம் குதிரையை இழுத்து விசையை அமுக்கினால் போதும். வீட்டில் கழுவும்போது பார்த்திருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். கழுவ ஞாபகம் இருந்திருக்குமா என்று அதே மனசு திருப்பிக் கேட்கும்.

மண்மேட்டில் போய்த் தோண்டிப் பார்த்தேன். சல்லடை வைத்துச் சலித்தேன். நசுங்கிய ஈயம் கூடை கூடையாக வந்தது. எத்தனையோ வருச ஞாயிற்றுக்கிழமைகள் அந்த மண்ணுக்குள் கிடந்தன. எது அன்றையது என்று எதைக் கேட்பது? பக்கத்து ஊர் டீக்கடைக்கு நடந்து போய், அன்றைக்கு வேட்டு எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று மெதுவாக விசாரித்தேன். கடைக்காரர் கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே, “வெடிச்ச வெடியக் கணக்கெடுக்க ஆளு போட்டுட்டாகளா? எம்புட்டுச் சம்பளம்ணே?” என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

பாய்க்குப் போன் போட்டேன். அவர்தான் திங்கட்கிழமை முதலாளியோடு ஸ்டேஷனுக்குப் போனவர். பெட்டியைத் திறந்து பார்த்தார்கள், நம்பரைச் சரிபார்த்தார்கள், தோட்டா இருக்கிறதா என்று பின்னால் பார்த்தார்கள், இல்லை என்று எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான் என்றார். அதில் தோட்டாவே கிடையாதே. வழக்கமான ரிவால்வரில் பார்க்கிற இடத்தில் இதில் எதைப் பார்த்தாலும் காலியாகத்தான் தெரியும். விசயத்தைச் சொன்னேன். பாய், “அண்ணே, நீங்க கவலப்படுததுக்குன்னே பொறந்தவுக. போன தடவ தண்ணித் தொட்டி வால்வுக்கு ராவெல்லாம் தூங்கலேன்னீக. அதும் மூடித்தான கெடந்துச்சு?” என்றார். ஆமாம், மூடித்தான் கிடந்தது. நான் கவலைப்பட்டதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது ஒன்றுமில்லாமல்தான் போயிருக்கிறது. அதுதான் கஷ்டம். நான் சொன்னால் எனக்கே நம்பிக்கை வராது.

ஸ்டேஷனில் நேரே சொல்லிவிடலாம் என்று ஒருநாள் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். வாசலில் துப்பாக்கியோடு நின்ற போலீஸ்காரருக்கு என் மகள் வயசு இருக்கும். பொழுது போகாமல் பெல்ட்டைத் தட்டிக்கொண்டு நின்றார். உள்ளே இன்னும் இரண்டு பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பொழுது போகாத பிள்ளைகள் அந்தப் பழைய மாதிரித் துப்பாக்கியை எடுத்து, சும்மா ஒருவரை ஒருவர் பார்த்து நீட்டினால் என்று ஓர் எண்ணம் வந்தது. என்ன வேணும் என்று கேட்டார். தபாலாபீசுக்கு வழி கேட்டேன். அவர் காட்டிய திசையில் கொஞ்ச தூரம் நடந்தும் போனேன்.

சொல்வதற்கு என்ன பயம் என்று கேட்கலாம். சொன்னால் முதலாளியின் லைசென்ஸ் போய்விடும். மருந்து நிரப்பிய துப்பாக்கியைப் போலீசிலேயே கொடுத்தவர் என்று ஆகிவிடும். அதைக்கூட விடலாம். அவரிடம் போய், உங்களுக்கு மறக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே. அதை அவர் மகன் சொல்லவில்லை. டாக்டர் சொன்னாரோ இல்லையோ தெரியாது. அட்டையில் ஓட்டை எண்ணுகிறவன் சொல்வதா?

ஆனால் அந்தப் பிள்ளையின் முகம் மறக்கவில்லை. தபாலாபீஸ் வாசல் வரைக்கும் போனவன், திரும்பி முதலாளி வீட்டுக்கு நடந்தேன்.

அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தோப்பில் ஏதும் யானை இறங்கிவிட்டதா என்றார். இல்லையென்றேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே ஆரம்பித்தேன். எப்படி ஆரம்பித்தேன் என்று இப்போது சரியாகச் சொல்ல வரவில்லை. காற்று, வெடி, பக்கத்து ஊர் என்று சுற்றி வளைத்தேன். அவர் கையமர்த்தினார்.

“அஞ்சு சத்தம் கேட்டுச்சா இல்லியா?”

“கேட்டுச்சு மொதலாளி. ஆனா ஓட்ட நாலுதான்.”

“ஒண்ணு வெளிய போயிருக்கும்.”

“இத்தன வருசத்துல அட்டைய விட்டு ஒண்ணுகூட வெளிய போனதில்லையே.”

அதைச் சொன்னபோது அவருக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்திருக்கும். பிறகு பேப்பரை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

“அப்ப நான் மறந்துட்டேங்கிற.”

“எனக்குக் காது சரியில்லல்ல மொதலாளி. நாந்தான் தப்பாக் கேட்டிருப்பேன்.”

“ஒன் காதச் சொல்லி என்னயக் காப்பாத்தாதப்பா.”

உள்ளே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தேன். போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தேன். வெள்ளைச் சட்டை மாற்றி, தலை சீவி வந்தார். பாயைக் கூப்பிட்டுக் காரை எடுக்கச் சொன்னார். கார் தேரடி திரும்பும்போது, வீட்டில் கழுவினேனா இல்லையா என்று அன்றைக்கே ஒரு சந்தேகம் இருந்தது என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ஏட்டு நல்ல மாதிரி. எழுந்து நாற்காலி போட்டார். முதலாளி உட்காரவில்லை. ஓர் அறையில் மருந்து இருக்கலாமென்று சந்தேகம், தப்பு என்னுடையது, பார்த்துவிட வேண்டும் என்றார். பார்த்துத்தானே ஐயா வாங்கினோம், தோட்டா ஒன்றும் இல்லையே என்றார் ஏட்டு. இதற்குத் தோட்டாவே கிடையாது தம்பி என்று அவர் விளக்கினார். ஏட்டின் முகம் மாறியது. எழுந்து போய், இருந்தவர்களையெல்லாம் ஒதுங்கச் சொல்லி, பெட்டியைத் தானே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பின்பக்கம் வந்தார்.

பின்பக்கம் பிடிபட்ட மோட்டார் சைக்கிள்கள் வெயிலில் நின்றன. ஒரு சிமெண்டுத் திண்டில் பெட்டியை வைத்தார்கள். நானும் பாயும் எட்டத்தில் நின்றோம். இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். உடனே, இல்லாவிட்டால் இவரை இவ்வளவு தூரம் இழுத்து வந்து தலைகுனிய வைத்தவன் ஆவேனே என்றும் தோன்றியது. என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் போயிற்று.

முதலாளி பெட்டியைத் திறந்தார். ரிவால்வர் கழுவப்படவில்லை. குழலும் உருளையும் காவி நிறத்தில் துரு பூத்துக் கிடந்தன. அதைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்திருக்கும். குழல் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, உருளையின் பின்பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். துருவுக்கு நடுவே செப்பு ஒரு புள்ளியாகப் பளிச்சென்று இருந்தது. நான் நின்ற இடத்துக்கே தெரிந்தது.

“ஒண்ணு இருக்கு,” என்றார்.

நான் குழியிலிருந்து எழுந்து சொல்வேனே, அந்த மாதிரி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஏட்டு உதவிக்குப் போனார். வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, நகத்தால் அந்தத் தொப்பியை நெம்பி எடுத்தார். ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். கூட்டுகிற அம்மா கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடிப்போய்த் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். உருளையைக் கழற்றித் தண்ணீரில் போட்டார். கொஞ்ச நேரத்தில் மருந்து கரைந்து தண்ணீர் மை மாதிரி ஆயிற்று. நாங்கள் எல்லோரும் அந்த வாளியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஏட்டு பெரிய மனசோடு நடந்துகொண்டார். வேண்டுமென்று செய்ததில்லை, நீங்களே வந்து சொன்னது பெரிய விசயம், அதிகாரியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். பிறகு, எங்கோ பார்த்துக்கொண்டு, திரும்ப வாங்க வரும்போது மட்டும் மகனைக் கூட்டி வாருங்கள் என்றார்.

முதலாளி நனைந்த கையைக் கைக்குட்டையில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

“வாங்க வரல தம்பி. லைசென்ஸ சரண்டர் பண்ணணும்னா யாருக்கு எழுதணும்னு மட்டும் சொல்லுங்க.”

நான் குறுக்கே பேசியிருக்கலாம். தேர்தல் முடியட்டும், யோசித்துச் செய்யலாம், இனிமேல் கழுவுவது நிரப்புவது எல்லாம் நான் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். அந்த மனிதருக்காகச் சொல்கிறேனா, என்னுடைய ஞாயிற்றுக்கிழமைக்காகச் சொல்கிறேனா என்று ஒரு சந்தேகம் குறுக்கே விழுந்தது. அது தீர்வதற்குள் ஏட்டு பேப்பர் எடுத்துக் கொடுத்துவிட்டார். அங்கேயே, மேசையில் குனிந்து, அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அவர் லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. இவ்வளவு தூரம் வந்தாயே, பால்கோவா வாங்கித் தருகிறேன் என்று கடை வாசலில் காரை நிறுத்தச் சொன்னார். நான் வேண்டாமென்றேன். கேட்கவில்லை. கால் கிலோ எனக்கு, கால் கிலோ அவருக்கு. கடைக்காரர் சூட்டோடு கட்டிக் கொடுத்து, நூற்று எண்பது ரூபாய் என்றார். முதலாளி சட்டைப் பையில் கைவிட்டார். வேட்டி மடிப்பைத் தடவினார். மறுபடி சட்டைப் பை. சட்டை மாற்றும்போது பர்சை வீட்டிலேயே வைத்துவிட்டார். அவர் கை அந்தப் பையை விட்டு வரவே இல்லை. நான் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பஸ்ஸுக்கு வைத்திருந்தது போக அவ்வளவுதான் இருந்தது. பாய் ஒன்றும் பார்க்காதவர் போல ஸ்டியரிங்கைத் துடைத்தார்.

“அடுத்த வாரம் வாங்கிக்க. ஞாபகப்படுத்து, என்ன?” என்றார் முதலாளி.

சரி என்றேன்.

அடுத்த வாரம் மகன் வந்து அவரைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போய்விட்டார். நாயை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அதைக் கூப்பிட முடியாது. தரையைக் காலால் தட்டினால் அந்த அதிர்வில் திரும்பிப் பார்க்கும். தட்டுவேன். பார்க்கும். வா என்று கையை ஆட்டுவேன். சில நேரம் வரும்.

தேர்தல் முடிந்தது. யாரோ ஜெயித்தார்கள், வேட்டுப் போட்டார்கள். மாங்காய் இறங்கியது. குத்தகைக்காரனின் ஆட்கள் இருந்த வரைக்கும் கொஞ்சம் சத்தமாக இருந்தது, பிறகு அவர்களும் போனார்கள். குழியில் சருகு நிறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பக்கம் போகாமலிருக்க ஏதாவது வேலையை வைத்துக்கொள்வேன். நான் செய்தது சரிதான் என்று பாய் சொன்னார். ஏதாவது ஆகியிருந்தால் என்று அவரே உடம்பைச் சிலிர்த்துக்கொண்டார். சரிதான். சரியாகச் செய்துவிட்ட பிறகும் கவலைப்பட இவ்வளவு மிச்சம் இருக்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆடியில் தேர் பார்க்க மகன் அவரைக் கூட்டி வந்தார். அப்படியே தோப்புக்கும் வந்தார்கள். ரொம்ப மெலிந்திருந்தார். மகன் போனில் பேசிக்கொண்டே வரப்பில் நடந்தார். முதலாளி கட்டிலில் உட்கார்ந்து காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்தார். மலையிலிருந்து இறங்குகிறது என்றேன். தலையாட்டினார். நாய் வந்து அவர் காலடியில் படுத்தது. அதன் முதுகில் கை வைத்துக்கொண்டு, தோப்புக் கடைசியில் தெரிந்த மண்மேட்டைப் பார்த்தார். அது என்ன என்று கேட்டார். கிணறு வெட்டிய மண் என்றேன்.

புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். என் பெயர் அவர் வாயில் வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை. ஆனால் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது அவருக்கு. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, என் முகத்தையே பார்த்தார்.

“நான் ஒனக்கு எதுவும் தரணுமாப்பா?”

ஒன்றும் இல்லை மொதலாளி, எல்லாம் சரியாகிவிட்டது என்றேன். நிம்மதியாகக் கையை விட்டார். கார் தார் ரோட்டில் ஏறும் வரை நின்று பார்த்தேன்.

நூற்று எண்பது ரூபாய்.